பத்து மணித் தண்ணீர்

பூவாலங்குடிப் பண்ணைக் குளத்தில் மீன் செத்து மிதந்த அன்றைக்கும் கமருன்னிஸா பத்து மணி பஸ்ஸில்தான் வந்து இறங்கினாள். மாயவரத்திலிருந்து குத்தாலம் வழியாக அந்த ஊருக்குள் நுழையும் முதல் வண்டியே அதுதான். அதற்கு முன்னால் ஒரு வண்டி இருந்திருந்தாலும் அவளுடைய அத்தா மீரா உசேன் ஏற விட்டிருக்க மாட்டார். "வெளிச்சத்துல போகணும், வெளிச்சத்துல வீடு திரும்பணும்" என்ற நிபந்தனையின் பேரில்தான், கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கும் தன் மகளை, ஊர்க் குளத்துத் தண்ணீரைச் சீசாவில் பிடித்துக் குலுக்கிப் பார்க்கிற ஆராய்ச்சிக்கு அவர் அனுப்பிவைத்தார். இந்த ஆராய்ச்சியைப் பார்த்து எந்த மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள் என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். கேட்டும் அனுப்பினார். அந்த மட்டில் நல்ல மனுஷன்.

கிராமத்துக் குளங்களில் கட்லா, ரோகு, மிர்கால் என்ற மூன்று கெண்டை வகைகளையும் ஒன்றாக வளர்க்க முடியுமா, கடைத் தீனி இல்லாமல் மாட்டுச் சாணத்தைக் கொண்டே வளர்க்க முடியுமா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. சாணம் கரைந்தால் கண்ணுக்குத் தெரியாத பாசி பெருகும். பாசியைத் தின்று பூச்சி பெருகும். இரண்டையும் தின்று மீன் கொழுக்கும். நெல்லைத் தவிர வேறெதையும் விளைச்சல் என்றே ஒப்புக்கொள்ளாத தஞ்சாவூர்ச் சீமையில் இதைப் போய்ச் சொன்னால் யார் காதில் ஏறும்? மிராசுதார் தியாகராசன் காதில் ஏறியது.

தியாகராசன் காற்றடிக்கும் பக்கம் பார்த்துத் தூற்றிக்கொள்ளத் தெரிந்தவர். ஆட்சி மாறிய வருஷம் அவருடைய வேட்டிக் கரையும் மாறியது. நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது, வீட்டு நாய் ஒன்றைத் தவிர மற்ற எல்லார் பேரிலும் நிலத்தைப் பிரித்து எழுதிவைத்தார். உச்சவரம்பு நிலத்துக்குத்தானே, மீனுக்கு இல்லையே என்ற எண்ணத்தில்தான் கமருன்னிஸாவுக்குக் குளத்தைத் திறந்துவிட்டார். ஆனால் இரண்டு வருஷத்தில் அவருக்கு அந்த மீன்கள் மேல் பைத்தியமே பிடித்துவிட்டது. சாயங்காலம் படித்துறையில் உட்கார்ந்து பொரி தூவுவார். பெரிய கட்லா ஒன்று மேலே வந்து வாயைத் திறந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், பேரனுக்குச் சோறு ஊட்டுகிற முகம். பாசாங்கு இல்லை, உண்மையான பிரியம்தான்.

பொரி தூவுவது அவர் என்றால், சாணம் போடுவது பண்ணையாள் மருதையன். வாரத்துக்கு ஒரு கூடை, அதையும் கரைத்து, கரையோரமாக, வெயில் ஏறிய பிறகு விட வேண்டும் என்றும், வானம் மூடிக்கிடந்தால் அந்த வாரம் வேண்டவே வேண்டாம் என்றும் கமருன்னிஸா சொல்லியிருந்தாள். மருதையன் அப்படியே செய்துவந்தார். மீனுக்கும் ஒரு குறையும் இல்லாமல் இருந்தது.

அந்த ஐப்பசியில், குறுவை அறுப்பு நேரத்தில் வேலைநிறுத்தம் வந்தது. அறுப்புக் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டது செங்கொடிச் சங்கம். அரைப்படி கொடுத்தால் குடி முழுகிப்போகும் என்றார்கள் மிராசுதார்கள். கதிர் முற்றித் தலைசாய்ந்து கிடக்க, கூலியாட்கள் குடியிருக்கும் தெற்குத் தெருவிலிருந்து ஒரு ஆள் வயலில் இறங்கவில்லை, மாட்டுக்கொட்டிலுக்கும் போகவில்லை. அப்படி நிற்கச் சொன்னவர்களில் மருதையன் முன்னால் இருந்தார்.

அந்த நேரத்தில்தான் மீன் செத்தது.

கமருன்னிஸா கரையேறிப் பார்த்தபோது குளம் முழுக்க வெள்ளை வயிறாகக் கிடந்தது. முழங்கை நீளக் கட்லாக்கள். அவள் குஞ்சாக விட்டவை, மாதாமாதம் பிடித்து எடை போட்டுத் திரும்ப விட்டவை. இரண்டு வருஷ உழைப்பு முழுதும் நாற ஆரம்பித்திருந்தது. தியாகராசன் படித்துறையில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குத்தாலம் சப் இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டிருந்தார். வேலைநிறுத்தத்துக்குப் பந்தோபஸ்து என்று நாலைந்து நாளாக அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்த மனிதர், கூப்பிட்ட குரலுக்கு வந்துவிட்டார்.

அவள் பையிலிருந்து சீசாவை எடுத்துத் தண்ணீர் மொண்டாள். அதில் இரண்டு மருந்துகளைச் சொட்டு விட்டாள். தண்ணீரில் காற்று கரைந்திருந்தால் காப்பித்தூள் நிறத்தில் வண்டல் இறங்கும், காற்று இல்லையென்றால் அரிசி களைந்த தண்ணீர்போல வெள்ளையாக இறங்கும். நல்ல காப்பித்தூள் நிறத்தில் இறங்கியது.

"என்னம்மா, தண்ணியில என்ன கோளாறு?" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

"காத்து நல்லாத்தான் சார் இருக்கு. மூச்சுமுட்டிச் சாகல."

"அப்ப விஷமா?"

அவள் மறுபடி குளத்தைப் பார்த்தாள். யார் மேலாவது கோபப்பட வேண்டும்போல இருந்தது.

"விஷமாத்தான் இருக்கும்" என்றாள்.

போலீஸ்காரருக்கு அது போதும். படித்த பெண், ஆராய்ச்சிக்காரி, எந்தக் கட்சியும் இல்லாதவள் சொல்லிவிட்டாள். தெற்குத் தெருவில் மருதையன் வீட்டைக் கிளறினார்கள். கூரை எரவாணத்தில் ஒரு முடிச்சுக் காரைக்காய் இருந்தது. இடித்துத் தண்ணீரில் போட்டால் மீன் மயங்கி மேலே வரும். வேலைக்குப் போகாத வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்று வாய்க்காலில் மடை கட்டி அதைப் போட்டுக் கெளுத்தி பிடித்திருந்தார் மருதையன். தெருவில் பாதிப் பேர் செய்கிற வேலைதான். ஆனால் அவர் வீட்டில் இருந்தது மட்டும் விஷமாகிவிட்டது. அடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் பெண்டாட்டி அம்சம் தலைவிரி கோலமாகப் பின்னால் ஓடியதைத் திரும்பிப் போகிற பஸ்ஸின் ஜன்னலிலிருந்து கமருன்னிஸா பார்த்தாள்.

மாயவரம் போனதும் வீட்டுக்குப் போகாமல் கல்லூரிக்குப் போனாள். எந்த விஷம் என்று கண்டுபிடித்துவிட்டால் மனம் ஆறும் என்று தோன்றியது. இரண்டு தகரக் கேனில் கொண்டுவந்திருந்த குளத்துத் தண்ணீரைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி, கலக்கிவிட்டு, கெண்டைக் குஞ்சுகளை விட்டுவிட்டு வந்தாள். காலையில் போய்ப் பார்த்தால் ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை, சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருந்தன. இன்னொரு சீசாவில் அதே தண்ணீரைப் போட்டுக் குலுக்கினாள். காரைக்காய் கலந்திருந்தால் சீயக்காய்போல நுரை நிற்கும். நுரை வந்த வேகத்தில் அமுங்கிவிட்டது.

நேரே பஸ் ஏறினாள்.

குளத்தில் செத்த மீனையெல்லாம் அள்ளிப் புதைத்திருந்தார்கள். முந்தின நாள் அடித்த வெயில் போய் மறுபடி மூடாப்பு. அவள் படித்துறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சலசலத்து ஒரு விரால் மேலே வந்து, வாயைத் திறந்து ஒரு மடக்குக் காற்றை விழுங்கிவிட்டு உள்ளே போயிற்று. அப்புறம் இன்னொன்று. சேற்றோரத்தில் ஒரு தேளி.

பண்ணை ஆசையாக வளர்த்த மீன் அத்தனையும் செத்துவிட்டன. யாரும் விடாமல் தானாக வந்து சேர்ந்த விராலும் தேளியும் ஒன்றுகூடச் சாகவில்லை. மீனிலும் சங்கம் இருக்கிறதா என்ன? இருக்காது. விராலும் தேளியும் மேலே வந்து காற்றை நேராக விழுங்கத் தெரிந்தவை. கெண்டைக்கு அது தெரியாது, தண்ணீரில் கரைந்த காற்றுதான் அதற்கு மூச்சு. இதைக் கமருன்னிஸா வருஷாவருஷம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவள். கண்ணெதிரே கிடந்தபோது தெரியவில்லை.

அப்படியானால் மூச்சுமுட்டித்தான் செத்திருக்கின்றன, விடியற்காலையில். வெயில் வந்ததும் பாசி மறுபடி காற்றை உண்டாக்கித் தண்ணீரை நிரப்பிவிட்டது. அவள் பத்து மணிக்கு வந்து, நிரம்பிய தண்ணீரை மொண்டு பார்த்துவிட்டு ஒரு மனிதனைப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். இரண்டு வருஷமாக அவள் எடுத்த ஒவ்வொரு சீசாவும் பத்து மணித் தண்ணீர்தான். இந்தக் குளம் விடியும்போது எப்படி மூச்சு விடுகிறது என்று அவளுக்கு ஒரு நாளும் தெரியாது.

மறுநாள் மருதையனைக் கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள் என்று பஸ்ஸிலேயே பேச்சு அடிபட்டது. கோர்ட்டில் ஏற்றிவிட்டால் அறுப்பு முடிகிற வரை ஆள் வெளியே வர முடியாது. மிராசுதார்களுக்கு வேண்டியதும் அதுதான்.

தியாகராசன் வீட்டுக்குப் போனாள். ஒரு ராத்திரி தங்கி விடியற்காலையில் தண்ணீர் எடுக்க வேண்டும் என்றாள். அவர் கேட்டுக்கொண்டார். முகம் வீங்கியிருந்தது, அழுதிருக்கிறார்.

"நீங்க சொன்னதைத்தானே டீச்சர் புகார்ல எழுதியிருக்கு. இப்ப எதுக்கு மறுபடியும் தண்ணிய நோண்டிக்கிட்டு? வழக்கு முடியட்டும், புதுக் குஞ்சு விடுவோம்."

தங்குவது பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அவள் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். அந்த ஊரில் அவளுக்குத் தெரிந்த இன்னொரு வீடு ஒன்றுதான்.

அம்சம் வாசலில் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் எழுந்திருக்கவில்லை.

"எதுக்கு வந்தீங்க? இன்னும் யாரையாச்சும் புடிச்சுக் குடுக்கணுமா?"

"நான் சொன்னது தப்புன்னு நெனைக்கிறேன் அம்சம். விடியக்காலத் தண்ணிய எடுத்துப் பாத்தா நிச்சயமாத் தெரிஞ்சிடும். இன்னிக்கு ஒரு ராத்திரி தங்க எடம் வேணும்."

அம்சம் சிரித்தாள். சிரிப்பா அது. "என் புருஷன உள்ள தள்ளுன வாயி, என் வீட்டுலயே வந்து படுக்குறேங்குது." சுள்ளியைப் படார் என்று ஒடித்தாள். "பண்ணைதான் வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்து எண்ட்ரின ஊத்திட்டு எங்க தலையில பழியப் போட்டுட்டாருன்னு சங்கத்துல சொல்றாங்க. அத எழுதிக் குடுத்துட்டுப் போங்களேன். தண்ணி எதுக்கு?"

அப்படி எழுதிக் கொடுத்தால் மருதையன் சாயங்காலமே வெளியே வந்தாலும் வரலாம். கமருன்னிஸாவுக்கு ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது.

"எண்ட்ரினும் இல்ல அம்சம். அந்தத் தண்ணியில மீன்குஞ்சு விட்டுப் பாத்தேன். உசுரோட இருக்கு. ஒரு தடவ பொய்யான விஷத்தச் சொல்லித்தான் இவ்வளவும். இன்னொரு தடவ சொல்ல மாட்டேன்."

அம்சம் கையிலிருந்த சுள்ளியைக் கீழே போட்டாள். தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"எண்ட்ரின் இல்லேன்னு எங்களுக்குந் தெரியும்."

"எப்படி?"

"தின்னோம்ல. அன்னிக்கு விடியக்கால வெளிக்கிப் போன பொம்பளைங்கதான் மொதல்ல பாத்தோம். மீனெல்லாம் வாயப் பொளந்துகிட்டு மேல நிக்குது. கரையில ஒதுங்குனத மடியில கட்டிக்கிட்டு வந்துட்டோம். அதுக்கு முன்னாடி நாலு நாளா புள்ளைங்க வயிறாரத் திங்கல டீச்சர். ஆக்கிப் போட்டேன். ஒரு வயித்துவலி கெடையாது."

"இத ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? பண்ணை மீன எடுத்துத் தின்னோம், ஒண்ணும் ஆவலன்னா? ஒருத்தரு உள்ள இருக்காரு. மிச்சத் தெருவும் போறதுக்கா?"

விஷமில்லை என்பதற்கு ஒரு தெருவே சாட்சி. சாட்சி சொன்னால் தெருவே திருட்டுக் கேசு. இப்படி ஒரு நியாயத்தை எந்த ஆய்வுக்கூடத்தில் போட்டுக் குலுக்கிப் பார்ப்பது? அவள் மண்ணில் அம்சத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். அம்சம் அவளைப் பார்த்துவிட்டு, "பாய் கிழிசலாத்தான் இருக்கும்" என்றாள்.

திரும்பிப் போகிற பஸ் கண்டக்டரிடம் அத்தாவுக்குச் சொல்லியனுப்பினாள். வேலை முடியவில்லை, காலையில் வருகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அத்தா கோபித்துக்கொள்வார் என்பதும் தெரியும். அது நாளைக்கு.

கிழக்கு வெளுக்கும் முன்னால் இருவரும் குளத்துக்குப் போனார்கள். வானம் மூடியே கிடந்தது. கமருன்னிஸா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, குமிழி வராமல் சீசாவை முக்கி எடுத்து மூடினாள். கரைக்கு வந்து, 'பிஸ்மில்லாஹ்' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு மருந்தைச் சொட்டு விட்டாள். அம்சம் குனிந்து பார்த்தாள்.

வெள்ளை. சீசாவின் கழுத்திலிருந்து அடிவரை, ஒரு பொட்டுப் பழுப்பு இல்லாமல், வெள்ளையாகத் திரண்டு இறங்கியது.

"யாரது?" என்று படித்துறைப் பக்கமிருந்து குரல் வந்தது. தியாகராசன், தூக்கமில்லாமல் எழுந்து வந்திருக்கிறார். "டீச்சரா? என்ன இது, இந்த நேரத்துல, இவளக் கூட்டிக்கிட்டு?"

"வந்து பாருங்கய்யா. தண்ணியில காத்தே இல்ல. மீன் விஷத்துல சாகல."

அவர் வந்து பார்த்தார். வெள்ளை வண்டலைப் பார்த்து அவருக்கு என்ன தெரியும்? ஆனால் இரண்டு வருஷமாக அவள் சோதிக்கும்போதெல்லாம் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர். வெள்ளையை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

"காத்து எங்க போச்சு?"

"சாணம் அழுகுனா அது காத்த எடுத்துக்கும். இருட்டுல பாசியும் எடுத்துக்கும். வெயிலடிச்சாத்தான் பாசி திருப்பிக் குடுக்கும். அன்னிக்கும் விடியறவரைக்கும் மூடாப்புதானே. அய்யா, குளத்துல சாணம் எவ்வளவு போச்சு?"

தியாகராசன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கொட்டில் பக்கம் பார்த்தார். கொட்டிலிலிருந்து குளக்கரைவரை தரையில் சாணம் வழுவழுவென்று இழுபட்டுக் கிடந்ததைக் கமருன்னிஸா அப்போதுதான் கவனித்தாள்.

"ஆளு யாரும் வரல. மாடெல்லாம் சாணியிலயே படுத்துக் கெடந்துச்சு. பாக்கச் சகிக்கல. நானும் கணக்கப்பிள்ளையும் இறங்குனோம். நான் அள்ளுனேன் டீச்சர். எங்கப்பா பாத்திருந்தா நாண்டுக்கிட்டுச் செத்திருப்பாரு. அவனுங்க வரலேன்னா நாங்க செத்தா போயிடுவோம்னு ஒரு வீம்பு. குளம் கிட்டக்க இருந்துச்சு. சாணி மீனுக்குச் சாப்பாடுன்னு நீங்கதானே சொன்னீங்க. வாயில்லாத சீவன், நல்லாத் திங்கட்டுமேன்னு எல்லாத்தையும் தள்ளிவிட்டேன்."

"வாரத்துக்கு ஒரு கூடைன்னு சொல்லியிருந்தேனுங்களே."

"யாருகிட்ட?"

"மருதையன்கிட்ட."

"எங்கிட்ட சொல்லலியே."

சொல்லவில்லைதான். வேலை செய்கிறவரிடம் சொன்னால் போதும் என்று அவள் நினைத்துவிட்டாள். வேலை செய்கிறவர் இருக்கும்போது குளத்துக்கு உடையவர் அதைத் தெரிந்துகொள்ளவும் அவசியப்படவில்லை. தியாகராசன் படியில் உட்கார்ந்துவிட்டார். பொரி போட்ட கையாலேயே கொன்றிருக்கிறோம் என்பது அவருக்கு மெள்ள மெள்ள உறைத்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. அம்சம்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்ப நாந்தான் கொன்னேன்னு ஊருக்குச் சொல்லப்போறீங்க" என்றார் கடைசியில்.

"மருதையன் கொல்லலன்னு ஸ்டேஷன்ல சொல்லப்போறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். சாணி அள்ளத் தெரியாத மிராசுதாருன்னு சங்கத்துக்காரன் மேடை போட்டுச் சிரிப்பான்." அவர் குரல் உடைந்தது. "சொல்லிட்டீங்கன்னா இந்தக் கரையில நீங்க மறுபடி கால் வைக்க முடியாது. உங்க படிப்பு, பட்டம் எல்லாம் இந்தக் குளத்துல இருக்குதுன்னு சொல்லியிருக்கீங்க."

அது உண்மை. வேறு யாரும் அவளுக்குக் குளம் கொடுக்கப்போவதில்லை. கொடுத்தாலும், ராத்திரி தெற்குத் தெருவில் தங்கிவிட்டுப் போகிற மகளுக்கு அத்தா இன்னும் இரண்டு வருஷம் கொடுக்கப்போவதில்லை. கமருன்னிஸா சீசாவின் மூடியை இறுக்கிக்கொண்டாள்.

"பத்து மணிக்கு இன்னொரு சீசா மட்டும் எடுத்துக்குறேங்கய்யா. அதுக்கப்புறம் வரமாட்டேன்."

அவர் எழுந்து போனார். வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதையே அனுமதியாக எடுத்துக்கொண்டாள்.

எட்டு மணிக்கு மேல் வானம் விட்டு, வெயில் சுள்ளென்று அடித்தது. பஸ் ஹாரன் தூரத்தில் கேட்டபோது, அதே இடத்தில் இறங்கி இரண்டாவது சீசாவை முக்கினாள். மருந்து விட்டதும் பழுப்பாக இறங்கியது. வெள்ளைச் சீசாவில்தான் அவளுக்கு உயிர். மூடி கொஞ்சம் தளர்ந்து காற்றுப் புகுந்தால் அதுவும் பழுப்பாகிவிடும், அப்புறம் எதைக் காட்டுவது? அம்சம் வீட்டிலிருந்து அலுமினியக் குண்டான் கொண்டுவந்து, தண்ணீர் நிரப்பி, வெள்ளைச் சீசாவை அதற்குள் முழுக வைத்தாள். பஸ்ஸில் அம்சமே அதை மடியில் வைத்துக்கொண்டு, மூடியைக் கட்டைவிரலால் அழுத்தியபடி குத்தாலம்வரை வந்தாள். பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டபோதெல்லாம் பிள்ளைத்தாய்ச்சி வயிற்றைப் பிடிக்கிறதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண்டக்டர் என்ன இது என்று கேட்டதற்கு, "எம் புருஷன்" என்றாள்.

ஸ்டேஷனில் சப் இன்ஸ்பெக்டர் கோர்ட்டுக்குக் கிளம்பத் தயாராக இருந்தார். கமருன்னிஸா இரண்டு சீசாவையும் மேஜைமேல் வைத்து விஷயத்தைச் சொன்னாள். அவருக்கு எரிச்சல் வந்தது.

"முந்தாநாள் விஷம்னீங்க. இன்னிக்கு விஷமில்லைங்குறீங்க. வெளையாட்டா இது?"

"முந்தாநாள் தப்பாச் சொல்லிட்டேன் சார்."

"இதுல என்ன இருக்கு? சுண்ணாம்புத் தண்ணி மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே, யாரும் தடுக்கும் முன்னால், வெள்ளைச் சீசாவின் மூடியைப் பிடுங்கி மோந்து பார்த்தார்.

அம்சம் வாயைப் பொத்திக்கொண்டாள். மோந்து பார்த்தவர் மூடியை வைத்துக் குலுக்கவும் குலுக்கினார். வெள்ளை வண்டலில் பழுப்பு கோடுகோடாக ஓடியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சீசா முழுக்க நிறம் மாறியது. சப் இன்ஸ்பெக்டர் பயந்துபோய் அதை மேஜைமேல் வைத்தார்.

அப்போதுதான் கமருன்னிஸாவுக்கு மூச்சு வந்தது. "அதுதான் சார் காத்து. இப்பத் தொறந்தீங்க, உள்ள போச்சு. அதுக்கு முன்னாடி அதுல இல்ல. மீனுக்கு விடியக்கால கெடைக்காமப் போனது அதுதான். நான் அன்னிக்குப் பத்து மணிக்கு எடுத்துப் பாத்தது இந்தா, இந்தச் சீசா."

அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நாற்காலியில் சாய்ந்தார். "நீங்க சொல்றது இருக்கட்டும்மா. புகார் குடுத்தவர் குடுத்ததுதானே நிக்குது?"

வாசலில் கார் நின்ற சத்தம் கேட்டது. தியாகராசன் உள்ளே வந்தார். கரை வேட்டி, தோளில் துண்டு, எல்லாம் சரியாக இருந்தது. முகம்தான் செத்துக்கிடந்தது. யாரையும் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"புகார நான் திருப்பி வாங்கிக்குறேன். கொளத்துல சாணி அதிகமாப் போயிருச்சு. தள்ளுனது நான்."

கான்ஸ்டபிள் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார், சிரிப்பை மறைக்கத்தான். தியாகராசனுக்கு அது தெரிந்தது. எழுதிக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். போகும்போது கமருன்னிஸா பக்கத்தில் நின்றார்.

"சொன்னது சொன்னதுதான் டீச்சர். கொளத்துப் பக்கம் வராதீங்க. உங்களப் பாத்தா எனக்கு மீன் ஞாபகம் வரும்."

"சரிங்கய்யா" என்றாள். அவர்மேல் அவளுக்குக் கோபமே வரவில்லை.

மருதையனைக் கொண்டுவந்து விட்டார்கள். உதடு வீங்கியிருந்தது. ஒரு காலைச் சாய்த்து நடந்தார். அம்சம் அவரைத் தொடவில்லை, அழவும் இல்லை. முந்தானையால் அவர் தோளில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டாள், தட்டிக்கொண்டே இருந்தாள். ஸ்டேஷன் வாசலுக்கு வந்ததும் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். மருதையன் கேட்டுக்கொண்டு, கமருன்னிஸா பக்கம் திரும்பினார்.

"எதுனாச்சும் பொழைச்சுதா டீச்சர்?"

"விராலும் தேளியும்தான் அண்ணே."

"அந்தப் பெரிய கட்லா? படித்துறைக்கு வருமே?"

"அதுவும் போயிருச்சு."

அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. "நான் ஒரு நடை போயி அந்தக் கொட்டில வழிச்சு விட்டிருந்தா…" என்றார்.

ஸ்டேஷனில் அடி வாங்கிவிட்டு வந்த மனிதன் மீனுக்காகத் தன்னை நொந்துகொள்கிறான். கமருன்னிஸாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"நீங்க போகாதது தப்பில்ல அண்ணே. கூடை உங்க கையில இருந்தவரைக்கும் ஒரு மீன் சாகல. தப்பு என்னுது. விடியக்கால நடந்ததுக்குப் பத்து மணிக்கு வந்து நின்னுக்கிட்டு சாட்சி சொன்னேன். உங்க மேல விழுந்த அடி என் வாயால விழுந்தது. என்ன மன்னிச்சிருங்க."

மருதையன் அவளைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தார். இதில் மன்னிக்க என்ன இருக்கிறது என்று யோசிக்கிறவர் மாதிரி இருந்தது. வீங்கிய உதட்டோடு, நிதானமாகச் சொன்னார்.

"பஸ்ஸு பத்து மணிக்குத்தானே டீச்சர் வருது."

திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அதற்குத்தான் ராத்திரி முழுக்க மனதைக் கல்லாக்கி வைத்திருந்தாள். முக்காட்டை வாயில் அழுத்திக்கொண்டு, குத்தாலம் கடைத்தெருவில் நாலு பேர் நின்று பார்க்க, கமருன்னிஸா அழுதாள்.